கடலுக்கு முன்னால் இரண்டு நாற்காலி

விளாங்குடி, மதுரை
மார்ச் 9

அன்பு மகள் இந்துப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். வலது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ என்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நம் வீட்டுப் பாஷையில் எழுதினால் இன்னும் சுவையாகத் திட்டலாம். ஆனால் சௌராஷ்டிரம் எனக்குப் பேசத்தான் வரும், எழுத்து என்றால் தமிழ்தான். பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கிறேன். வரிசை மாற்றிப் படித்துவிட்டு, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாருக்கும் போன் போடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படங்களை இதற்குள் தெருவில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்விதான் என் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்தவள், படத்தைப் பார்த்ததும் முழித்துக்கொண்டாள். “யக்கா, கடலு என்னக்கா இம்புட்டு நீலமா இருக்கு? சொட்டு நீலத்தக் கவுத்துவிட்ட மாதிரி” என்றாள். அது கிரீட் என்கிற தீவு, கிரேக்க நாட்டைச் சேர்ந்தது, மத்தியதரைக் கடலில் இருக்கிறது என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் ஏதோ நானே போய்வந்த மாதிரி அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

ஒரு படத்தில் மணலில் இரண்டு சாய்வு நாற்காலி, நடுவில் ஒரு பெரிய குடை. குடையைப் பார்த்ததும் எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சிம்மக்கல்லில் அண்ணனோடு சேர்ந்து குடைக்கடை வைத்திருந்தவர், மழை எட்டிப் பார்க்காத ஊரில் குடை விற்று உன்னைப் படிக்க வைத்தவர் ஆயிற்றே. இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் அவர் கடலைப் பார்த்திருக்கமாட்டார். “உப்புக் காத்துல கம்பி துருப்பிடிக்குமே, இது எப்படி நிக்குது?” என்றுதான் கேட்டிருப்பார்.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘ஜூன் ரெண்டாவது வாரம்மா. நீயும் நானும் மட்டும். ஒண்ணும் செய்ய வேண்டாம். கடலைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்போம்.’ படித்துவிட்டுப் போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு நின்றபடியே அழுதேன். அந்த வாரத்தில் என்ன வருகிறது என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அப்பாவின் முதல் வருஷத் திதி அந்த வாரத்தில்தான் வருகிறது. உன்னைப் பெற்றவளுக்கு இதுகூடவா புரியாது?

நம் வீட்டில் யார் கடலுக்குச் சும்மா போயிருக்கிறார்கள்? கடல் என்றால் நமக்கு ராமேஸ்வரம், இல்லாவிட்டால் தேவிபட்டினம். உன் அப்பாவழித் தாத்தா போனபோது ஒரு தரம், என் அப்பா போனபோது ஒரு தரம், அப்புறம் ஆடி அமாவாசைக்குச் சில தரம். வேன் பிடித்துப் போவோம், ஈரத் துணியோடு நின்று எள்ளும் தண்ணீரும் விடுவோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்போம், திரும்பிவிடுவோம். கடல் என்ன நிறம் என்று நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

போன வருஷம் நடந்தது எனக்குத் தெரியும் இந்து. நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் தத்தனேரி மயானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் வைகைக் கரையில் உன் பெரியப்பா மகன் சாய்குமார் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது, “நானும் ஒரு கை விடறேன்” என்று கேட்டாயாம். பெரியப்பா கிரிதரன் “கட்டிக் குடுத்த பொண்ணு, தள்ளி நில்லும்மா” என்றாராம். நீ போய் ஆட்டோ பக்கத்தில் நின்றாயாம். என்னை அன்று ஆற்றுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உனக்குத் துணையாக வந்த முத்துச்செல்விதான் பிற்பாடு சொன்னாள். அன்றிலிருந்து நீ அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் பேச்செடுத்தால் ‘அங்க வெயில் எப்படிம்மா’ என்று கேட்கிறாய்.

அந்தத் தீவில் உன்னைத் தள்ளி நிற்கச் சொல்ல ஒருவரும் இல்லை. உன் அப்பாவுக்கு உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் விடத்தான் என்னைக் கூப்பிடுகிறாய். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ‘சும்மா உக்காந்திருப்போம்’ என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உனக்கு உள்ளே அழுகை இல்லையோ என்று இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

அதனால் உடனே வேலையில் இறங்கிவிட்டேன். முதலில் புரோகிதரைப் போய்ப் பார்த்தேன். மகள் செய்வதற்கு வழக்கமில்லை என்று ஆரம்பித்தார். வழக்கம் எனக்கும் தெரியும், வழி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்துவிட்டு, எந்தக் கடல் என்றார். சொன்னேன். உப்புத் தண்ணீர்தானே என்றார். ஆமாம் என்றேன். எல்லாக் கடலும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான், அன்றைக்கு வேளை பார்த்து வாட்ஸப்பில் மந்திரம் சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

நான் கேட்பேனா? நேரே சிம்மக்கல் கடைக்குப் போய் உன் பெரியப்பாவிடம், இந்த வருஷம் திதியை இந்து கடலில் கொடுக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு டஜன் குடையைத் திரும்பத் திரும்ப எண்ணினார். பக்கத்தில் நின்ற சாய்குமார் என்னைப் பார்த்து முழித்தான், தலையைச் சொறிந்தான், டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் நான் கிளம்பும்வரை வரவில்லை. செய்யவேண்டிய உரிமை கைவிட்டுப் போகிறதே என்று பையனுக்கு வருத்தமாக இருக்கும்.

கறுப்பு எள், தர்ப்பை, சின்னப் பித்தளைச் சொம்பு, அப்பாவின் வேட்டி ஒன்று எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நீ விசாரித்துச் சொல்ல வேண்டியவை: தர்ப்பையை விமானத்தில் விடுவார்களா? பச்சரிசி கிடைக்குமா? முக்கியமாக, அங்கே காக்கை உண்டா? முத்துச்செல்வி போனில் கடற்காகம் என்று ஒன்றைக் காட்டினாள். அது வெள்ளை வெளேரென்று வாத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறது. அது தின்றால் கணக்கில் சேருமா என்று புரோகிதரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த நாற்காலிகளைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகப் போடச் சொல். நாம் எள்ளும் தண்ணீரும் விடுகிற இடத்தில் அரைகுறைத் துணியோடு ஆட்கள் படுத்திருந்தால் அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன் பக்கத்தில் இருந்து உன்னைக் காப்பாற்றட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா பத்மாசினி


விளாங்குடி
மார்ச் 15

இந்துவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நான் நலம்.

நீ வியாழக்கிழமை போனில் சத்தம் போட்டதைப் பற்றி எழுதவில்லை. நீ சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று மட்டும் எழுதுகிறேன். அந்த வாரம்தான் ஆபீசில் லீவு கிடைத்தது, திதி தேதி உனக்கு ஞாபகமே இல்லை. இது முதலாவது. நான்கு வருஷம் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது நான் ஒரு நாள் உட்காரவில்லை, என்னை உட்கார வைக்கத்தான் கூப்பிட்டாய், அங்கேயும் நான் சொம்பையும் எள்ளையும் தூக்கிக்கொண்டு வேலை செய்யக் கிளம்புகிறேன். இது இரண்டாவது. ‘உனக்கு ஒரு வாரம் மனுஷியா இருக்கத் தெரியாதாம்மா?’ என்று கேட்டாய். அப்புறம் போன் கட்டாகிவிட்டது. நீ கட் செய்தாயா, சிக்னல் போனதா தெரியாது. நான் திரும்பக் கூப்பிடவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் இவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுதுவேனா?

பெற்ற அப்பாவின் திதி மறந்துபோகும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்த ஊரில் வேலை அதிகம், குளிர் அதிகம், மறந்திருக்கும். புரோகிதரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைக் காகத்தைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியதில்லை. பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன். திதி வழக்கம்போல இங்கேயே நடக்கும், சாய்குமார் செய்வான், நான் சமைப்பேன். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வருஷம் முடிவதற்குள் கடல் தாண்டுவது நல்லதில்லை என்று தான் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னார்.

நீ மாப்பிள்ளையோடு அந்தத் தீவுக்குப் போய் நன்றாக ஓய்வெடுத்து வா. எனக்கு வைத்திருக்கும் நாற்காலியில் துண்டு காயப் போட்டுக்கொள்.

பருப்புப் பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் இடித்து வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா


விளாங்குடி
ஏப்ரல் 27

என் கண்ணே இந்து,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தில் உண்மையை எழுதலாம் என்று இருக்கிறேன், அதனால் அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக நீ தினமும் ‘சாப்பிட்டியாம்மா’ என்று ஒரு வரி அனுப்புகிறாய், நான் ‘ம்’ என்று ஓர் எழுத்து அனுப்புகிறேன். இரண்டு பேரும் அப்பாவின் பிள்ளைகள் மாதிரி வீம்பு பிடிக்கிறோம். எனக்காவது அவரோடு குடும்பம் நடத்தி ஒட்டிக்கொண்ட வீம்பு, உனக்கு ரத்தத்திலேயே வந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். முத்துச்செல்வியின் மாமா, கருப்பு என்று பெயர், வாடிப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். அவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நம் ஹாலில் கிடக்கிற அப்பாவின் கட்டிலை, சுற்றினால் தலைமாடு உயருமே அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை, கொஞ்ச நாளைக்குக் கேட்கலாமா என்று அவளுக்கு ஆசை. கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள். என்னடி என்று நானே அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். இத்தனை மாதமாக அந்தக் கட்டிலுக்கு நான் வாராவாரம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியாது. வீடியோவில் நீ பேசும்போது போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். எடுத்துக்கொண்டு போடி என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலைக் கழற்ற சாய்குமார் வந்தான். திருப்புளியை வைத்துக்கொண்டு ஒரு மறையைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். அப்புறம் நிமிராமலே, “சித்தி, நான் ஒண்ணு சொன்னா அக்காகிட்ட மாட்டி விட்ராதீங்க” என்றான். சொல்லுடா என்றேன். “தை மாசமே அக்கா எனக்குப் போன் போட்டு, திதி இங்கிலீஷ் தேதிக்கு என்னைக்கு வருதுன்னு கேட்டாங்க. அன்னைக்கு எல்லாத்தையும் நீ பாத்துக்கடா, மாசாமாசம் அம்மா அடுப்புல நின்னு வேகுறாங்க, அன்னைக்காவது அவங்கள அங்கேருந்து நான் தூக்கிட்டுப் போயிர்றேன்னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க” என்றான்.

ஆக, உனக்குத் தேதி ஞாபகம் இருந்தது. என்னைவிட முன்னாலேயே விசாரித்திருக்கிறாய். அந்த நாளாகப் பார்த்துத்தான் தீவில் இடம் பிடித்திருக்கிறாய். மாதம் தவறாமல் அப்பாவின் மாசிகத்துக்கு நான் சமைத்ததை நீ வீடியோவில் பார்த்தாய். என் முகத்தைவிட என் கரண்டியைத்தான் அதிகம் பார்த்திருப்பாய். பிறகு ஏனடி ஞாபகமே இல்லை என்று பொய் சொன்னாய்? நான் எள்ளும் தர்ப்பையுமாகக் கிளம்பிவிட்டதைப் படித்ததும், இவளை வேறு எப்படி நிறுத்துவது என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்து எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவேன் என்று கணக்குப் போட்டாய். அதில் பாதி பலித்தது. மீதிப் பாதியில் நானும் வராமல் போய்விட்டேன்.

போன கடிதத்தில் ‘மறந்துபோகும்’ என்று எழுதினேனே, அதை நீ எப்படித்தான் படித்தாயோ. அந்தப் பக்கத்தைப் போனிலிருந்து அழித்துவிடு.

கட்டில் போன பிறகு ஹால் பெரிதாகிவிட்டது. தரையில் நான்கு கால் தடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. முத்துச்செல்வி அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, “யக்கா, சும்மா உக்காருங்க பாப்போம். டிவி கூடாது, கீரை ஆயக் கூடாது, போன் கூடாது” என்றாள். இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். உடனே மின்விசிறி இறக்கையில் அழுக்குத் தெரிந்தது. எழுந்து துடைத்தேன். திரும்ப உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, எழுந்து நம் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. முத்துச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லக்கா. ஐயாவுக்குச் சோறு ஊட்டும்போதும் நின்னுக்கிட்டுத்தான ஊட்டுவீங்க” என்றாள்.

அவள் தூங்க மாடிக்குப் போன பிறகு, வீம்புக்கு மறுபடி உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். கை சும்மா இருந்தால் இத்தனை கனமாக இருக்குமா? கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. அப்பாவுக்காக அழுத அழுகை எனக்குத் தெரியும், இது அது இல்லை. எனக்கு அசதியாக இருக்கிறது இந்து. ரொம்ப அசதியாக இருக்கிறது. அவரைப் புரட்டிப் போட்ட தோள் இன்னும் வலிக்கிறது. அவருக்குச் செய்ததில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை, இன்னும் பத்து வருஷம் படுத்திருந்தாலும் செய்திருப்பேன். ஆனால் நீயும் கொஞ்சம் உட்காரேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ‘பத்மா கைகாரி, அவ சமாளிச்சுருவா’ என்று எல்லாரும் சொன்னார்கள். பாராட்டுத்தான் என்று நானும் நம்பிக்கொண்டு நின்றபடியே இருந்துவிட்டேன். முதல் தடவையாக ஒருத்தி உட்காரச் சொன்னாள். அவளிடம் காக்கை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பெரியப்பாவிடம் போனேன். திதியை சாய்குமார் இங்கே செய்யட்டும், சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நான் இந்துவோடு போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தொளசிராம் திதியன்னைக்கு நீ கடக்கரையில சேர் போட்டு உக்காரப் போறியா?” என்று கேட்டார். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் “ஆமா. அவர் இருந்த வரைக்கும் நின்னேன், போனதுக்கப்புறமும் ஒரு வருஷம் நின்னுட்டேன். அன்னைக்கு உக்காரப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆரப்பாளையம் வரை பஸ்ஸில் வந்ததே தெரியவில்லை. அங்கே இறங்கி, எனக்கென்று ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தேன்.

உன் பெரியப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டரில் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மடக்குக் குடை. கடையில் உள்ளதிலேயே நல்லது. வாசலில் நின்றே விரித்துக் காட்டி, பொத்தானை மூன்று தரம் அமுக்கிச் சரிபார்த்து, “கடக்காத்துக்குத் தாங்கும்” என்றார். அப்பா செய்கிற மாதிரியே செய்தார். போகும்போது வண்டியைக் கிளப்பிவிட்டு மறுபடி நிறுத்தினார். “இந்துகிட்டச் சொல்லு... அன்னைக்கு ஆத்துல நான் அந்தப் புள்ளைய...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நான் பாவனை செய்துகொண்டேன். நீயும் முடிந்தால் ஒரு நாள் அவருக்குப் போன் போடு. அவசரம் இல்லை.

விசாவுக்கு நீ அனுப்பியிருந்த காகிதங்களை சாய்குமார் பத்திரமாக வைத்திருந்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் முத்துச்செல்வி லீவு போட்டு என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். உனக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம், கிடைக்காவிட்டால் நீ வேறு வருத்தப்படுவாய் என்பதுதான். கைரேகை எடுத்த பெண் எதற்காகப் போகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். சுற்றிப் பார்க்க என்று சொல்லும்படி முத்துச்செல்வி வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு அது மறந்துவிட்டது. “சும்மா உக்கார” என்று தமிழிலேயே சொன்னேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யார்கூடம்மா?” என்றாள். என் பொண்ணுகூட என்றேன். சிரித்துவிட்டு ஏதோ தட்டினாள். நேற்று பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா ஒட்டியிருக்கிறது. என் போட்டோ மட்டும் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது.

நீ பதிவு செய்ததை ரத்து செய்யாமல்தான் இருப்பாய் என்று சாய்குமார் சொல்கிறான். ரத்து செய்திருந்தால் இப்போதே சொல்லிவிடு, ராமேஸ்வரத்திலாவது இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கடல் முக்கியம் இல்லை.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று நீ பயப்படுவாய். சொல்கிறேன். ஐந்து பருத்திப் புடவை, முழங்கால் தைலம், பெரியப்பா கொடுத்த குடை, உனக்குப் பொடிகள், அப்புறம் ஒரு டப்பா எள்ளுருண்டை. எடுத்து வைத்திருந்த எள்ளில் பெரும்பகுதியை வெல்லம் போட்டு இடித்துவிட்டேன். கடையிலிருந்து வந்ததும் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை உன் கையில் ஒளித்து வைப்பாரே அப்பா, அவருக்குப் பிடித்த பதம்தான். அங்கே உட்கார்ந்து தின்போம். சொம்பும் தர்ப்பையும் வேட்டியும் பீரோவுக்குள் போய்விட்டன.

ஒரு சின்னப் பொட்டலம் எள் மட்டும் கைப்பையில் இருக்கிறது. திட்டாதே. அதை நான் எடுக்கமாட்டேன், பேச்சும் எடுக்கமாட்டேன். அந்த நாளில் உனக்கு அப்பாவுக்கு ஒரு கை தண்ணீர் விட வேண்டும் என்று தோன்றினால் என் பக்கம் கையை நீட்டு, தருகிறேன். மந்திரம் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், உனக்குத் தெரிந்த பாஷையில் அவரைக் கூப்பிடு. தோன்றாவிட்டால் அதுவும் சரிதான். பொட்டலம் போன மாதிரியே மதுரைக்குத் திரும்பி வரும். நீ அழவில்லையே என்று நான் இனிமேல் பயப்படமாட்டேன். நீ எனக்காக ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஆரம்பத்தில் எழுதாமல் விட்ட வரியை இப்போது எழுதுகிறேன். நான் நலமாக இல்லை, ஆனால் நலமாகிவிடுவேன்.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே போன பிறகும் என் புத்தி என்னை விடாது. விரிப்பை உதறுகிறேன், துண்டை மடிக்கிறேன், யாருக்காவது ஏதாவது எடுத்துக் கொடுக்கிறேன் என்று எழுந்திருப்பேன். எழுந்தால் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வை. அம்மா என்று பார்க்காதே, அதட்டு. நீயும் எங்கேயும் எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. நம்மைத் தள்ளி நிற்கச் சொல்ல அங்கே யாரும் வரமாட்டார்கள்.

உன் பக்கத்து நாற்காலிக்குக் கிளம்பி வரும்
அம்மா